அவரு விட்டுட்டாரு

…நாறுதுன்னு நேரா சொல்லிடுங்கம்மா, அதுக்கு ஏன் ஜன்னலைப் பாக்குறீங்க. கவுனைத் தலை வழியா மாட்டுறப்பவே உங்க மூக்கு சுருங்கினதை நான் பாத்துட்டேன். துணி தைக்கிறவளுக்குக் கண்ணு எப்பவும் ஆளு மேலதான் இருக்கும். நாறுது. சிகரெட்டு நாத்தம். எனக்குத் தெரியாமலா இருக்கு. நானே ஒரு அலசு அலசி, மாடியில காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் குடுத்துடறேன். அது என் பொறுப்பு. கல்யாணம் நாளன்னைக்குத்தானே? அப்புறம் என்ன. இப்ப இந்த ஸ்டூலு மேல ஏறுங்க. கீழ் மடிப்பு ஒரு பக்கம் எறங்கியிருக்கு, குண்டூசி குத்திப் பாத்துடலாம். ஏறுங்க. ஆடற மாதிரி தெரியும், ஆடாது.

நேரா நில்லுங்க. குனிஞ்சு பாக்காதீங்க, குனிஞ்சா அளவு மாறிடும். எதிர்ல அந்த அலமாரியைப் பாருங்க. அதுல பாக்க ஒண்ணும் இல்ல, இருந்தாலும் பாருங்க.

என்ன கேட்டீங்க… வீட்டுல யாராவது சிகரெட்டு பிடிப்பாங்களான்னா? மேல் வீட்டுக்குப் புதுசா குடி வந்தவங்க, உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரைக் கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா போயி விசாரிச்சாரு. பையன் தங்கம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுன்னாங்க. சிகரெட்டை அப்பல்லாம் கெட்ட பழக்கத்துல யாரும் சேக்கல. அது ஆம்பளைக்கு மீசை மாதிரி, அது பாட்டுக்கு இருக்கும்.

அவரு டிரைவிங் ஸ்கூல்ல வாத்தியாரு. கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறாரு. அது வண்டி ஓட்டற வேலைன்னு நினைச்சுக்காதீங்க. அது சாகாம இருக்கற வேலை. தினம் ஒருத்தரு வந்து இவரைக் கொல்லப் பாப்பாங்க, இவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ‘பரவாயில்ல, மறுபடி பண்ணுங்க’ன்னு சொல்லணும். ஒரு பேங்க் மேனேஜரம்மா வந்தாங்க. வலது பக்கம் திரும்புங்கன்னா வைப்பரைப் போடுவாங்க. வெயிலு மண்டையைப் பொளக்கும், வைப்பரு பாட்டுக்கு ஓடும். இவரு கீழ எறங்கி, மதில் ஓரமா நின்னு ஒண்ணு பத்த வைப்பாரு. பாதி வரைக்கும் ஊதிட்டு வந்து, ‘மேடம், இது வைப்பரு, அது இண்டிகேட்டரு’ன்னு மொதல் தடவை சொல்ற மாதிரி சொல்லுவாரு. அந்தம்மா இப்ப நல்லாவே ஓட்டறாங்க. மழை வந்தாத்தான் கொஞ்சம் குழம்புவாங்க.

அப்ப அந்த மனுசனுக்கு அது கோவத்தை முழுங்கற மருந்து, பாத்துக்குங்க. அதை விடுன்னா எப்படி விடுவாரு.

டாக்டரு சொல்லாமலா இருந்தாரு. நெஞ்சைப் படம் பிடிச்சுக் காட்டினாரு. இவரு அதை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, வெளியில வந்து, ‘மனசே சரியில்ல’ன்னு ஒண்ணு பத்த வச்சாரு. இதுல சிக்கலே அதாம்மா. கஷ்டம் வந்தா ஒண்ணு. ஐயோ இதை விட்டாகணுமேன்னு கவலை வந்தா, அதுக்கு ஒண்ணு. அடடா காலையிலேருந்து தொடவே இல்லையேன்னு சந்தோஷம் வந்தா, அதுக்கும் ஒண்ணு. எந்த வழியில கிளம்பினாலும் அங்கதான் போயி நிக்கும்.

கையைக் கொஞ்சம் தூக்குங்க. அவ்வளவு தூக்க வேணாம், போலீஸா வந்திருக்கு. ம்… போதும்.

கடைசியில அவரை விட வச்சது எங்க பொண்ணு. ஒரே பொண்ணு. வெளியூர்ல இருக்கா, பஸ்ஸுல போனா ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கிற தூரம். அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சு, மாப்பிள்ளையோட வந்திருந்தா. வாசப்படியிலேயே கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு நிக்கிறா. உள்ள வாடின்னா வர மாட்டேங்கறா. அப்பாவைப் பாத்துச் சொன்னா, ‘அப்பா, குழந்தை பொறந்தா இந்த நாத்தத்தோட நீங்க அதைத் தொடக் கூடாது. கை கழுவிட்டு வந்தாலும் கூடாது. சட்டை மாத்திட்டு வந்தாலும் கூடாது. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போங்க.’

சொல்லிட்டு அவளே அழுதுட்டா. பெத்தவனைப் பாத்து எந்தப் பொண்ணுக்கு அப்படிச் சொல்ல மனசு வரும். இவரு பாக்கெட்டுலேருந்து சிகரெட்டு டப்பாவை எடுத்தாரு, அப்பத்தான் பிரிச்சது, என் கையில வச்சாரு. ‘நீ வச்சுக்க. நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதே’ன்னாரு. நான் அதைப் பட்டன் டப்பாவுல போட்டு மூடிட்டேன். எனக்கு என்ன பெருமை அன்னைக்கு. போச்சு, சனியன் விட்டுதுன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அது எங்க போகுது. அது வாசல்லயே உக்காந்திருக்கு.

காலையில எந்திரிச்சாருன்னா வயிறு போகல. சொல்லக் கூசுது, ஆனா இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அத்தனை வருஷமா ஒரு இழுப்பு இழுத்தாத்தான் நகரும்னு பழக்கி வச்ச வயிறு. அது உத்தரவுக்குக் காத்துக்கிட்டிருக்கு. இவரு உள்ள போயி உக்காந்தா வர மாட்டாரு. நான் வெளியில நின்னு, ‘என்னங்க, ஆச்சா’ன்னா, ‘ஆகும்’பாரு. டீ குடிச்சா ஞாபகம் வருதுன்னு டீயை விட்டாரு. பேப்பர் படிச்சா ஞாபகம் வருதுன்னு பேப்பரை நிறுத்தினாரு. போன் பேசினா வருது, பஸ்ஸுக்கு நின்னா வருது, சாப்பிட்டு எந்திரிச்சா வருது. ‘அதுக்காக சாப்பாட்டையும் நிறுத்திடாதீங்க’ன்னேன். யோசிச்சாரும்மா. நிஜமாவே கொஞ்ச நேரம் உக்காந்து யோசிச்சாரு.

மருந்துக் கடையில ஒரு பிளாஸ்திரி குடுத்தாங்க. தோள்ல ஒட்டிக்கிட்டா வேணும்னு தோணாதாம். ஒட்டிக்கிட்டாரு, அரிச்சுச்சு, ராவெல்லாம் கனவு. என்ன கனவுங்கிறீங்க? மதில் ஓரமா நின்னு சிகரெட்டு பிடிக்கிற மாதிரி. அப்புறம் கிராம்பு. அப்புறம் கடிக்கிற மிட்டாயி, அதைக் கடிச்சுப் பல்லு ஒண்ணு பேந்துடுச்சு. வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு எதையாவது போட்டு அரைச்சுக்கிட்டே இருந்ததுல இடுப்பு பெருத்துப் போச்சு. அவரு பேண்ட்டை எல்லாம் நான்தான் பிரிச்சு விட்டேன். பிரிச்சு விடறதுக்கு உள்ள துணி இல்லாமப் போயி, ஒண்ணுக்குப் பின்னாடி வேற கலர்ல ஒட்டுப் போட்டிருக்கேன். சட்டையை வெளியில விட்டுக்கிட்டாத் தெரியாது.

இதையெல்லாம் பாத்துக்கிட்டு நான் என்ன செஞ்சேன்? திட்டினேன். நல்லாத் திட்டினேன். விரல் நீளத்துல ஒரு குச்சி, அதை விட முடியல, ஆம்பளையா நீங்கன்னு கேட்டேன். புள்ளை பெக்கிறதை விடவா கஷ்டம்னு கேட்டேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு.

டிரைவிங் ஸ்கூல்ல வேற கூத்து. அந்தப் பொறுமைசாலி மனுசன் கத்த ஆரம்பிச்சுட்டாரு. ஒரு பெரியவரு, வேலையிலேருந்து ஓய்வு வாங்கிட்டு ஆசையா ஓட்டக் கத்துக்க வந்தவரு. பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்காரு. எல்லாரும் மிதிக்கிறதுதானே. இவரு போட்ட சத்தத்துல அவரு நடு ரோட்டுலயே கதவைத் தொறந்து எறங்கி, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடந்து போயிட்டாராம். முதலாளி கூப்பிட்டுச் சொன்னாரு, ‘ஒண்ணு, ஊது. இல்ல, லீவு எடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு, எனக்கு ஆளு குறையுது.’

லீவு எடுத்தாரு. வீட்டுல இருந்தாரு. அது இன்னும் மோசம்.

திரும்புங்க… இப்படி இல்ல, அந்தப் பக்கம். மெதுவா. குத்திச்சா? குத்தலல்ல. குத்தினாச் சொல்லுங்க, மென்னு முழுங்காதீங்க.

வீட்டுல இருந்தாருன்னேன்ல. அப்பத்தான் அவருக்கு மூக்கு வந்துச்சு. சிரிக்காதீங்க, நிஜம். இத்தனை வருஷமா புகையில அடைச்சிருந்த மூக்கு தொறந்துக்கிச்சு. நாக்கும் தொறந்துக்கிச்சு. ஒரு நாளு நான் வச்ச சமையலை வாயில போட்டுட்டு அப்படியே நிறுத்திட்டு, ‘இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?’ன்னு கேட்டாரு. ‘எப்படி?’ன்னேன். ‘ஒண்ணுமில்ல’ன்னு தண்ணியைக் குடிச்சாரு. எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து என் கை ருசி மாதிரி வராதுன்னு சொன்ன மனுசன். எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நான் இத்தனை நாளா ருசி தெரியாதவருக்குச் சமைச்சுப் பேரு வாங்கியிருக்கேன்.

தெரு முனையில டீக்கடைக்கிட்ட அவரோட கூட்டாளிங்க நிப்பாங்க. எலக்ட்ரீஷியன் ஒருத்தரு, லாரி வச்சிருக்கற ஒருத்தரு, இன்னும் ரெண்டு பேரு. அந்த வழியாவே போக மாட்டேன்னு சுத்திக்கிட்டுப் போனாரு. உலகத்துல பாருங்கம்மா, ஒருத்தன் பசிக்குதுன்னு நின்னா ஒரு கை சோறு போட யோசிப்பாங்க. சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்லிப் பாருங்க. சுத்தி நின்னு நீட்டுவாங்க. ‘ஒண்ணே ஒண்ணு, என்ன ஆயிடப் போகுது’ம்பாங்க. கருணைன்னா அப்படி ஒரு கருணை.

நடுவுல ரெண்டு தடவை வழுக்கினாரு. மறைக்கல. நேரா வந்து சொல்லிட்டாரு. திரும்பவும் மொதல்லேருந்து ஆரம்பிச்சாரு. அதைச் சொல்லணும். அவரு கீழ விழுந்தா விழுந்த எடத்துலயே படுத்துக்கிற ஆளு இல்ல.

கடைசியில விட்டுட்டாரு.

ஆமாம்மா, விட்டுட்டாரு. முழுசா. பேரன் பொறந்தான். நல்லபடியா பொறந்தான், தாயும் புள்ளையும் சுகம். இவரு போயி ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டாராம். மாப்பிள்ளை படம் எடுத்து அனுப்பிச்சாரு. பெத்தவளை விட இவரு முகத்துலதான் பிரசவக் களை. அப்படியே அங்கேயே தங்கிட்டாரு, அவளுக்கு ஒத்தாசையா.

எப்பவா? அதாச்சு… ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுது.

…

ஏன் அப்படிப் பாக்கறீங்க.

அந்தப் பக்கம் திரும்புங்க, பின்னாடி மடிப்பைப் பாக்கணும்.

நீங்க இந்தத் துணியைக் கொண்டு வந்து குடுத்தது போன வாரம். ஆமா, ஞாபகம் இருக்கு. அவரு போனப்புறம்தான். படிச்சவங்க நீங்க, கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டீங்க. நான் வேற குண்டூசியெல்லாம் குத்தி உங்களை நகர முடியாமப் பண்ணி வச்சிருக்கேன். எறங்கி ஓடவும் முடியாது.

சரி. நான்தாம்மா.

கேளுங்க, நாலு பேருக்குச் சொல்ற கதை இல்ல இது. இந்த மிஷினு இருக்கற எடத்தைப் பாருங்க. பக்கத்துல ஜன்னலு. ஜன்னலுக்கு வெளியில பால்கனி. சாயந்தரம் சாப்பிட்டு முடிச்சதும் அவரு அங்க நின்னு பத்த வைப்பாரு, நான் இங்க உக்காந்து தைப்பேன். அவரு ஊமை, உங்களுக்குத் தெரியாது. நாள் முழுக்க ‘ம்’, ‘சரி’, அவ்வளவுதான் பேச்சு. ஆனா சிகரெட்டு கையில இருக்கற அந்த நேரத்துல மட்டும் பேசுவாரு. இன்னைக்கு யாரு எங்க இடிச்சாங்க, யாரு பாஸ் ஆனாங்க, யாரு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஒரு சிகரெட்டு தீர்ற வரைக்கும். நல்லா போற கதையா இருந்தா இன்னொண்ணு பத்த வைப்பாரு. புகையும் கதையும் சேந்து ஜன்னல் வழியா உள்ள வரும். எங்க குடும்பமே அவ்வளவுதாம்மா. மத்ததெல்லாம் சமையலும் துவையலும்.

அவரு விட்டாரு, பால்கனிக்குப் போறதும் நின்னு போச்சு. போனா ஞாபகம் வந்துடுமாம். சாப்பிட்ட கையோட படுத்துடுவாரு. நான் தனியா மிஷினை ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்குத் தலைவலி வர ஆரம்பிச்சுது. ஊசியில நூலு கோக்க முடியல. துணி குடுக்க வந்தவங்க மேல எரிஞ்சு விழுந்தேன். வயசாகுது, ரத்தக் கொதிப்பா இருக்கும்னு நினைச்சேன். இத்தனை வருஷமா ஓசியில நானும் பிடிச்சிருக்கேன்னு எனக்குத் தோணவே இல்ல. அவரு விட்டாரு, எனக்குன்னு ஒருத்தரும் பிளாஸ்திரி குடுக்கல.

லீவு முடிஞ்சு அவரு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்சாரு. ஒரு நாளு மத்தியானம், ஒருத்தரு கோட்டுக்குப் பட்டன் தேடி டப்பாவைத் தொறந்தேன். மூடியை எடுத்ததும் வாசனை. அவரு வந்து பின்னாடி நின்ன மாதிரி இருந்துச்சு. நான் திரும்பியே பாத்துட்டேன். யாரும் இல்ல. சும்மா மோந்து பாத்துட்டு மூடி வச்சேன். மறுநாளு, பிடிக்கவா போறோம், ஒண்ணு பத்த வச்சுத் தட்டுல வப்போம், அது பாட்டுக்கு எரியட்டும்னு வச்சேன். தைச்சுக்கிட்டே இருந்தேன். தலைவலி போயிடுச்சு. நூலு ஒரே குத்துல கோத்துக்கிச்சு.

ஆனா அது நமுத்துப் போன சிகரெட்டு. பாதியில அணைஞ்சு அணைஞ்சு போகும். அணையாம இருக்கணும்னா ஒரு இழுப்பு இழுக்கணும். அணையாம இருக்கத்தாம்மா இழுத்தேன்.

அவ்வளவுதான். அப்படித்தான் ஆரம்பிச்சுது. எல்லாருக்கும் ஏதோ காரணம் இருக்கும், எனக்கு இது.

டப்பா தீந்ததும் நிக்கும்னு பாத்தேன். நிக்கல. ரெண்டு தெரு தள்ளிப் போயி வாங்கினேன். கடைக்காரரு, ‘அவருக்கா?’ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ‘பாவம், விட முடியல போல’ன்னு உச்சுக் கொட்டினாரு. ஆமா, முடியலன்னேன். மனுசன் அங்க கிராம்பைக் கடிச்சுக்கிட்டு யுத்தம் பண்றாரு, நான் இங்க அவரு பேரைக் கெடுத்துக்கிட்டிருக்கேன்.

அவருக்குத் தெரியும்மா. புதுசா வந்த மூக்காச்சே, விடுமா. ஒரு நாளு வேலையிலேருந்து உள்ள வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. மிஷினைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. ‘யாரோ குடுத்துட்டுப் போன துணி, அதுல வருது’ன்னேன். நேரா போயி ஜன்னலை அகலமாத் தொறந்து விட்டாரு.

இத்தோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. பேரனுக்குச் சின்னச் சின்னதா சட்டை தைச்சேன். மெத்து மெத்துன்னு துணி, உள்பக்கம் தையல் உறுத்தக் கூடாதுன்னு மடிச்சு மடிச்சுத் தைச்சேன். எங்க தைப்பேன்? இங்கதான். அதை அவரு பையில போட்டு அனுப்பிச்சேன். மொதல்ல பழைய துணியே போதும்னு நாளைக் கடத்தியிருக்காங்க. போன வாரக் கடைசியில பொண்ணு பையைத் தொறந்து, சட்டையை எடுத்துக் குழந்தைக்குப் போடலாம்னு முகத்துக்கிட்ட கொண்டு போயிருக்கா. அப்பாவைக் கேட்டாளாம், ‘அப்பா, இது என்ன நாத்தம்?’

இவரு சொல்லியிருக்காரு, ‘நான்தான்மா. வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு பிடிச்சுட்டேன்’னு.

அவ கையிலேருந்த குழந்தையை… இல்ல, அவரு கையிலதான் குழந்தை இருந்திருக்கு. அதை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. இப்ப குழந்தை உள் ரூம்ல, இவரு முன் ரூம்ல. கதவு சாத்தியிருக்காம். அழுதா சத்தம் மட்டும் கேக்குமாம்.

என் பொண்ணே போன் பண்ணி என்கிட்ட புலம்பினா. ‘அம்மா, அவரு மறுபடி ஆரம்பிச்சுட்டாரு, நீ கண்டுக்கவே இல்லையா?’ன்னா. நான் என்ன சொல்லியிருக்கணும்? ‘ம்’னேன். ‘ம்’னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்.

அப்புறம் அவரைத் தனியா கூப்பிட்டு, ஏங்க அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். அவரு சொல்றாரு, ‘எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். உனக்குப் பழக்கமில்ல. நீ விட்டுட்டு வா. அது வரைக்கும் நான் வெளியில உக்காந்துக்கறேன். அவசரப்படாதே, கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.’

திட்டியிருந்தா நான் விட்டிருப்பேன்னு நினைக்கிறேன். கஷ்டம்தான்னு சொல்லிட்டாரு. நான் அவரை என்னென்ன சொன்னேன். குச்சின்னேன், ஆம்பளையான்னேன். ஒண்ணையும் திருப்பிச் சொல்லல. அதை நினைச்சா ஒண்ணு பத்த வைக்கணும் போல இருக்கு. சொன்னேன்ல, எந்த வழியில கிளம்பினாலும் அங்கதான் போயி நிக்குது.

விட்டுட்டுப் போலாம், விட்டுட்டுப் போலாம்னு தினம் பாக்கறேன். ‘எப்ப வர்றே?’ன்னு பொண்ணு கேட்டா வேலை கெடக்குன்னு சொல்றேன். இன்னைக்குக் காலையில கூட வேணாம்னுதான் இருந்தேன். உங்க கவுனுக்கு ஜிப்பு வைக்கிறப்ப ரெண்டு தடவை கோணிக்கிச்சு. மூணாவது தடவை நேரா வந்துச்சு. எப்படி நேரா வந்துச்சுன்னு கேக்காதீங்க.

அங்க பேரன் வளந்துக்கிட்டே இருக்கான். அவரு சாத்தின கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.

போனு அடிக்குதா? உங்களுதா, என்னுதா? என்னுது. அந்த மேஜை மேல… உங்களுக்குக் கை எட்டும், கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா. கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே குனியுங்க. யாரு பேரு வருது? பாப்பான்னா? என் பொண்ணுதான்.

…

எடுக்கறேன். உங்ககிட்ட சொல்லியாச்சு, அதே வாயிதானே.

ஹலோ. பாப்பா… சாப்பிட்டேன்டி. குழந்தை தூங்குதா?… அப்பா எங்க?… முன் ரூம்லயா. சரி, கேளு. நடுவுல பேசாதே, நடுவுல பேசினா எனக்கு மறந்துடும். குழந்தையைத் தூக்கிட்டுப் போயி அப்பா கையில குடு… குடுன்னா குடு. அவரு பிடிக்கல. அந்தச் சட்டையில இருந்தது அவரு நாத்தம் இல்ல. நான்தான்.

நான்தான்னா நான்தான்டி. உங்கம்மா.

… ஏன் சிரிக்கறே?

… ஏய், சிரிக்காதே, குழந்தை எந்திரிச்சுக்கப் போவுது. நான் வெளையாடலடி. நான் சிகரெட்டு பிடிக்கிறேன். இப்ப கொஞ்ச நாளா… மருந்துக்கு இல்ல, சும்மாத்தான்… எத்தனைன்னா? அதெல்லாம் எதுக்கு இப்ப. யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, உங்கப்பா ஒண்ணும் சொல்லச் சொல்லல…

இல்ல… இல்லடி… அன்னைக்கு டாக்டர்கிட்ட அப்பா குறைச்சுட்டாருன்னு பொய் சொன்னேன், வாஸ்தவம். உன் ஸ்கூல் ஆண்டு விழாவுல அவரு எழுந்து வெளியில போனப்ப வயித்து வலின்னு சொன்னேன், அதுவும் பொய்தான். மாப்பிள்ளை வீட்டுல, அவரு சிகரெட்டே பிடிக்க மாட்டாருன்னு சொன்னதும் நான்தான். அதெல்லாம் அவரைக் காப்பாத்தச் சொன்னது. இது அப்படி இல்ல. இது உண்மை… நான் எப்படிச் சொன்னா நீ நம்புவே?

… இருடி. வைக்காதே. அப்படியே இரு.

நம்ப மாட்டேங்கறாம்மா. அப்பாவைக் காப்பாத்தப் பொய் சொல்றேங்கறா. ‘உனக்கு வேற வேலையே இல்லையா’ங்கறா. இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்றேன், அதையும் போயி…

நீங்க பேசுங்க. ஆமா, நீங்கதான். எனக்காக இல்ல, அவருக்காகப் பேசுங்க. நான் பெத்தவ, நான் சொன்னா எடுபடாது. நீங்க யாரோ எவரோ, இந்த வீட்டுல யாரையும் காப்பாத்த வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல. இவ்வளவு நேரம் பொறுமையா நின்னு கேட்டீங்கல்ல, அதுல பாதியைச் சொன்னாப் போதும். அழகாச் சொல்லணும்னு இல்ல.

பாப்பா, மேல் வீட்டுக்காரங்க பேசறாங்க. மரியாதையாப் பேசு.

இந்தாங்க, பிடிங்க. அந்தக் கையை அசைக்காதீங்க, அக்குள்ல ஒரு குண்டூசி இருக்கு. இந்தக் கையில பிடிங்க. மொதல்ல ஹலோன்னு சொல்லுங்க.